படம் வரைய வேண்டாம், எழுதுங்கள்!

எழுத்தில் எழுதிய வரைபடத்தை, வலைத்தளம் பில்ட் ஆகும்போதே படமாக மாற்றுவது பற்றி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எழுத்திலேயே வரைபடம் என்கிறார்களே, எழுதினால் எப்படிப் படம் வரும்?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

பதில்: மார்கழி மாதப் பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி'. கோலம் போடத் தெரிந்தவர் அதைப் படித்ததும் நடுவில் 15 புள்ளி வைப்பார். மேலும் கீழும் 14, 13 என்று குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்துவார். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் காட்ட யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. விதி ஒரு வரி. மீதியைக் கை பார்த்துக்கொள்கிறது.

கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளுக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான்:

விண்ணப்பம் -> சரிபார்ப்பு
சரிபார்ப்பு -> ஒப்புதல்
சரிபார்ப்பு -> திருப்பியனுப்பு

இதற்கு மேல் ஒரு தொடக்கச் சொல், சுற்றி நெளி அடைப்புக்குறி. அவ்வளவுதான்! நான்கு நீள்வட்டமும் மூன்று அம்பும் தயார். தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவில் இடைவெளி வந்தால் மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

கேள்வி: பவர்பாயின்ட்டில் பெட்டியை இழுத்துப் போட்டுப் பத்து நிமிடத்தில் படம் போட்டுவிடுகிறேன். எனக்கு எதற்கு இது?
– அலுவலக மேலாளர், ஈரோடு

பதில்: முதல் முறைக்குத் தேவையே இல்லை. ஆறு மாதம் கழித்து 'ஒப்புதல்' என்பதற்கு முன்னால் 'கள ஆய்வு' என்று ஒரு பெட்டி சேர்க்கச் சொல்வார்கள். அப்போதுதான் தேடல் தொடங்கும். வலைத்தளத்தில் இருப்பது படம் மட்டும். மூலக் கோப்பு வரைந்தவரின் பழைய கணினியில். அவர் வேலையை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது. கடைசியில் படத்தைத் திரையில் வைத்துப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைவீர்கள்.

எழுத்தில் இருந்தால் இரண்டு வரி திருத்தம். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்று கிட் என்ற பதிப்புப் பதிவு மென்பொருள் காட்டிவிடும். கட்டுரையைத் திருத்துகிறவரே படத்தையும் திருத்தலாம், இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால். கட்டுரை ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்லும் கொடுமை அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: பில்ட், பில்ட் என்கிறீர்கள். அது என்ன?
– பள்ளி ஆசிரியர், திண்டிவனம்

பதில்: நீங்கள் எழுதுவது மார்க்டவுன் போன்ற எளிய எழுத்து. வாசகர் பார்ப்பது ஹெச்டிஎம்எல் பக்கம். முதலாவதை இரண்டாவதாக்க ஒரு கட்டளை ஓடுகிறதே, அதுதான் பில்ட். அந்த ஓட்டத்தின் நடுவில் வரைபட எழுத்தை அடையாளம் கண்டு, படமாக்கி, இருந்த இடத்தில் வைப்பதுதான் இன்றைய விஷயம்.

கேள்வி: மெர்மெய்ட் என்ற வரைபடக் கருவியைப் பக்கத்தில் சேர்த்தால் வாசகரின் பிரவுசரிலேயே படம் வந்துவிடுகிறது. பில்டில் எதற்கு மெனக்கெட வேண்டும்?
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: ஓட்டலில் மாவை முதல் நாளே அரைத்து வைத்துவிடுகிறார்கள். சாப்பிட வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு உரலைக் கொடுப்பதில்லை. உங்கள் படம் யார் பார்த்தாலும் ஒரே படம்தான். அதை ஆயிரம் பேரின் போன் ஆயிரம் முறை வரைவானேன்?

நடப்பதைப் பாருங்கள். வாசகரின் போன் முதலில் பல நூறு கிலோபைட் ஜாவாஸ்கிரிப்ட்டை இறக்க வேண்டும். இறங்கும்வரை அவர் கண்ணில் படுவது அம்புக்குறி நிறைந்த வெறும் கோட். பிறகு திடீரென்று படம் முளைக்கும். அவர் படித்துக்கொண்டிருந்த வரி கீழே குதித்து ஓடும். சிக்னல் பலவீனமான ஊரில் அந்தப் படம் வராமலே போகலாம்.

இன்னொன்று, பிரவுசரோடு உலகம் முடிவதில்லை. அதே கட்டுரை மின்னஞ்சலாகப் போகிறது, மின்னூலாகிறது, பிடிஎஃப் ஆகிறது. அங்கெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் என்று நம்ப முடியாது. பில்டிலேயே படமாக்கியிருந்தால் எங்கும் படம் படமாகவே போய்ச் சேரும்.

வாசகர் தட்டத் தட்ட மாறுகிற படம், அவரவர் கணக்கைப் பொறுத்து மாறுகிற படம் என்றால் பிரவுசரில் வரைவதே முறை. மாறாத படத்துக்கு அந்தச் சுமை வேண்டாம்.

கேள்வி: இது புது நாகரிகமா, பழைய வித்தையா?
– வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: பழைய வித்தை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன் 'பிக்' என்ற சிறு மொழியை உருவாக்கினார். 'ஒரு பெட்டி, ஓர் அம்பு, இன்னொரு பெட்டி' என்று எழுதினால் அது டிராஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்குப் புரிகிற கட்டளைகளாக மாறும். பிக் தன் வேலையை முடித்து அடுத்த நிரலிடம் கொடுக்கும். அது சமன்பாடுகளைக் கவனிக்கும். கடைசியில் டிராஃப் பக்கத்தை அமைக்கும். இன்று நாம் பில்ட் என்று சொல்வதன் தாத்தா அதுதான்.

1990களில் ஏடி&டி ஆய்வகத்திலிருந்து கிராஃப்விஸ் வந்தது. 2009-இல் பிளான்ட்யுஎம்எல். 2014-இல் மெர்மெய்ட். 2022 பிப்ரவரியில் நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் தன் பக்கங்களில் மெர்மெய்ட்டை நேரடியாக ஏற்றுக்கொண்டதும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

கேள்வி: இத்தனை கருவி இருந்தால் எதைத்தான் எடுப்பது?
– புதிதாக வேலையில் சேர்ந்தவர், ஓசூர்

பதில்: படத்தைப் பார்த்து எடுங்கள்.

எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கிளைப்படம் என்றால் கிராஃப்விஸ். யார் யாரிடம் எந்த வரிசையில் பேசுகிறார்கள் என்ற தொடர்ப்படம் என்றால் பிளான்ட்யுஎம்எல். அதற்கு ஜாவா வேண்டும். குழுவில் எல்லோருக்கும் உடனே பழக்கமாக வேண்டும், கிட்ஹப்பிலும் தெரிய வேண்டும் என்றால் மெர்மெய்ட்.

பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்களே சொல்ல விரும்பினால் பிக்சர். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எழுதிய ரிச்சர்ட் ஹிப், கெர்னிகனின் பிக் மொழியைப் பின்பற்றி 2020-இல் எழுதியது இது. உள்ளே போவது எழுத்து, வெளியே வருவது எஸ்விஜி என்ற படக் கோப்பு; வேறு மென்பொருள் எதையும் துணைக்குக் கேட்பதில்லை.

கோடும் கூட்டல்குறியும் வைத்து எழுத்துகளாலேயே பெட்டி கட்டுகிறவரா நீங்கள்? ஹ்யூகோ என்ற தள உருவாக்கக் கருவியில் தளம் நடத்தினால் அதை எஸ்விஜி ஆக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், நாமக்கல்

பதில்: நல்ல கேள்வி. கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் யார் எந்த வரிசை என்று பிரிப்பார். பிறகு வரிசைக்குள் இடம் மாற்றுவார். கடைசியில் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்வார்.

1981-இல் ஜப்பானின் கோசோ சுகியாமாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இதே போக்கில் செல்கிறது. அம்புகள் வட்டமடித்துத் திரும்பினால், சிலவற்றைத் தற்காலிகமாகத் திருப்பிப்போட்டு வட்டத்தை உடைக்கிறது. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிசை. அடுத்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையும்படி வரிசைக்குள் இடமாற்றம். முடிவில் சரியான இடம், வளைவான கோடு. கிராஃப்விஸ் இந்த வழியில்தான் வரைகிறது.

கடினமான கட்டம் மூன்றாவது. இரண்டே வரிசை இருந்தாலும், வெட்டுகளை மிகக் குறைவாக்கும் ஒழுங்கை எப்போதும் விரைவாகக் கண்டுபிடித்துத் தரும் வழி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் மென்பொருள் பலமுறை மேலும் கீழுமாகப் போய்வந்து 'இது போதும்' என்கிற நல்ல நிலையில் நிற்கிறது. நீங்கள் கணிதம் படிக்கப் போகிறீர்கள் என்றால், இந்தக் கதவு உங்களுக்காகவும் திறந்திருக்கிறது.

கேள்வி: ஒரே ஒரு வரி சேர்த்தேன். படமே தலைகீழாக மாறிவிட்டது!
– தொழில்நுட்ப எழுத்தாளர், கோயம்புத்தூர்

பதில்: புது ஆள் வந்து நின்றால் குரூப் போட்டோவில் ஒரு வரிசையே நகர்கிறதே, அதுதான். மூன்று வழி உண்டு. 'இவர்கள் எல்லாரும் ஒரே வரிசை' என்று எழுதிக் கட்டிப்போடலாம். மேலிருந்து கீழ் என்பதை இடமிருந்து வலமாக மாற்றிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத அம்பு ஒன்றைப் போட்டு ஒழுங்கை நிறுத்தலாம்.

மூன்றும் போட்ட பிறகும் அடங்கவில்லையா? அந்தப் படத்தில் இரண்டு படம் இருக்கிறது. பிரித்துவிடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் தமிழ் அழகாக வருகிறது. தளத்தில் ஏற்றினால் படத்துக்குள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறதே?
– தன்னார்வலர், மதுரை

பதில்: எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு அலுவலகத்துக்குத் தமிழில் பயிற்சிக் கையேடு செய்து கொடுத்தேன். என் கணினியில் எல்லாப் படமும் சுத்தமாக இருந்தது. சர்வரில் பில்ட் ஓடி, பச்சை விளக்கும் எரிந்தது. மறுநாள் காலை அங்கிருந்து போன்: "சார், படத்துல எழுத்தே இல்ல, சின்னச் சின்னக் கட்டமா இருக்கு." முந்தின நாள் மாலையே அந்தப் பக்கத்தை அச்சடித்து ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

காரணம் எளிது. பில்ட் ஓடுவது டாக்கர் என்ற, தனியாக அடைத்த வெற்று லினக்ஸ் சூழலுக்குள். எடை குறைவாக இருக்க வேண்டும் என்று அதில் எழுத்துருக்களைச் சேர்ப்பதே இல்லை. தமிழ் எழுத்துரு இல்லாத இடத்தில் படம் வரையச் சொன்னால் கட்டம்தான் வரும். பில்டுக்கு அது பிழை என்றே தெரியாது. அது கேட்டது ஒரு படம், அதற்குக் கிடைத்தது ஒரு படம்.

செய்ய வேண்டியவை இவை. பில்ட் அமைப்பிலேயே நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள், இரண்டும் இலவசம். லினக்ஸின் எஃப்சி-லிஸ்ட் கட்டளையிடம் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வெற்றாக வந்தால் பில்டை அங்கேயே நிறுத்துங்கள். வரைபடத்திலும் எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிடுங்கள், ஊகத்துக்கு விடாதீர்கள்.

எழுத்துரு இருந்தும் ஒரு தவறு வரலாம். 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். எழுத்துகளை இப்படி ஒழுங்குபடுத்தத் தெரியாத கருவி, ககரத்தை முதலில் போட்டுவிட்டுக் கொம்பை அதன் பின்னால் ஒட்டிவிடும். கிராஃப்விஸ் பாங்கோ நூலகத்தோடும், மெர்மெய்ட் குரோமியம் பிரவுசரோடும் ஓடும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் 'கொடி', 'கௌரி', 'ஸ்ரீ' மூன்றும் உள்ள ஒரு சோதனைப் படத்தை எப்போதும் கையில் வையுங்கள். அந்தப் படத்தை மனிதக் கண் ஒன்று பார்த்த பிறகே தளத்தை வெளியிடுங்கள்.

கேள்வி: எழுத்து சரியாக வருகிறது. ஆனால் பெட்டியைத் தாண்டி வழிகிறது.
– வலை வடிவமைப்பாளர், திருச்சி

பதில்: அளவெடுத்த சட்டை ஒருவருக்கு, போட்டுக்கொண்டவர் வேறொருவர்! கிராஃப்விஸ் எஸ்விஜி எழுதும்போது, பில்ட் நடக்கிற கணினியின் எழுத்துருவை வைத்துச் சொல்லின் அகலத்தை அளந்து பெட்டி போடுகிறது. எஸ்விஜிக்குள் எழுத்து எழுத்தாகவே போகிறது. வாசகரின் போன் அதைத் தன்னிடம் உள்ள எழுத்துருவில் காட்டுகிறது. தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று நிறைய மாறும். 'சரிபார்ப்பு' ஒன்றில் அடங்கும், இன்னொன்றில் வெளியே நீட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே எழுத்துரு இருப்பதே தீர்வு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்விஜியைச் சாதாரணப் படமாகப் பக்கத்தில் வைத்தால், பக்கத்துக்கு நீங்கள் இறக்கிய எழுத்துரு அதற்குள் போகாது. வெளியிலிருந்து எதையும் இறக்கிக்கொள்ள அதற்கு அனுமதி இல்லை. எழுத்துருவை எஸ்விஜிக்குள்ளேயே பொதிந்து வையுங்கள், அல்லது எஸ்விஜியின் மூல எழுத்தை நேராக ஹெச்டிஎம்எல்லுக்குள் சேர்த்துவிடுங்கள்.

எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடும் வழியும் உண்டு. பிறகு அந்தச் சொல்லை யாராலும் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்விஜியா, பிஎன்ஜியா?
– சிறுதொழில் செய்பவர், சிவகாசி

பதில்: தளத்துக்கு எஸ்விஜி: எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மை. மின்னஞ்சலுக்கும் வாட்ஸப்புக்கும் பிஎன்ஜி, அதுவும் இரண்டு மடங்கு அளவில். மூலம் எழுத்தாக இருப்பதால் ஒரே பில்டில் இரண்டையும் எடுக்கலாம்.

கேள்வி: மெர்மெய்ட் தந்த எஸ்விஜி பிரவுசரில் சரியாகத் தெரிந்தது. அச்சகத்துக்குக் கொடுத்தால் பெட்டி மட்டும் இருக்கிறது, எழுத்தைக் காணோம்!
– சிற்றிதழ் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: எழுத்து அங்கேதான் இருக்கிறது, வேறு வேடத்தில். பெட்டிக்குள் இருக்கும் சொற்களை மெர்மெய்ட் வழக்கமாக ஹெச்டிஎம்எல் துண்டாக எஸ்விஜிக்குள் செருகுகிறது. பிரவுசருக்கு அது புரியும். இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள்களுக்குப் புரியாது, விட்டுவிடும். அமைப்பில் ஹெச்டிஎம்எல் லேபிள் என்பதை அணைத்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். சில படங்களுக்கு அதுவும் போதாது. அப்போது பிஎன்ஜியோ பிடிஎஃப்போ எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: தளத்தில் நிறையப் படங்கள். ஒரு எழுத்துப்பிழை திருத்தினாலும் பில்ட் முடியக் காபி குடித்துவிட்டு வரலாம் போலிருக்கிறது.
– மென்பொருள் குழுத் தலைவர், பெங்களூரு

பதில்: மாறாத படத்தை ஏன் மறுபடி வரைகிறீர்கள்? மெர்மெய்ட்டின் கட்டளைக் கருவி ஒவ்வொரு முறை ஓடும்போதும், திரையில் தெரியாத ஒரு குரோமியம் பிரவுசரைத் திறந்து மூடுகிறது. நூறு படத்துக்கு நூறு முறை. நேரமெல்லாம் அங்கேதான் போகிறது.

படத்தின் எழுத்தை எடுத்து ஹாஷ் போடுங்கள், அதாவது அந்த எழுத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு குறுகிய அடையாளக் குறி. அந்த ஹாஷையே கோப்பின் பெயராக வையுங்கள். அடுத்த பில்டில் அதே பெயரில் கோப்பு இருந்தால் படம் மாறவில்லை என்று பொருள், தாண்டிப் போகலாம். ஸ்பிங்க்ஸ் ஆவணக் கருவியின் கிராஃப்விஸ் இணைப்பு படங்களுக்குப் பெயர் வைப்பது இப்படித்தான். இதன் அடிப்படை எண்ணம் இன்னும் பழையது. மாறியதை மட்டும் மறுபடி செய் என்பதற்காகவே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக் என்ற கருவியை எழுதினார்.

பலர் தவறவிடுவது ஒன்று: ஹாஷுக்குள் எழுத்து மட்டும் போதாது. கருவியின் பதிப்பு, நிற அமைப்பு, எழுத்துரு எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் போடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துருவை மாற்றிய பிறகும் பழைய படமே வந்து நிற்கும். காரணம் தேடி ஒரு நாள் போகும்.

கேள்வி: அந்தக் குரோமியம் டாக்கருக்குள் திறக்கவே மறுக்கிறது. பாதுகாப்பை அணைத்துவிட்டால் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
– டெவ்ஆப்ஸ் பொறியாளர், கொழும்பு

பதில்: டாக்கருக்குள் நீங்கள் ரூட் பயனராக ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. அப்படி ஓட்டினால் குரோமியம் தன் பாதுகாப்புக் கூண்டோடு திறக்காது. கூண்டைத் திறந்துவிடுவதற்கு முன், சாதாரணப் பயனராக ஓட்டிப் பாருங்கள். படங்கள் எல்லாம் உங்கள் குழு எழுதியவை என்றால் அணைப்பதில் ஆபத்து குறைவு. வெளியார் அனுப்பும் எழுத்தைப் படமாக்குகிறீர்கள் என்றால் அணைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரே பக்கத்தில் இரண்டு எஸ்விஜி. இரண்டாவதின் நிறம் முதலாவதில் ஏறிவிட்டது.
– முதுகலை மாணவி, புதுச்சேரி

பதில்: இரண்டு பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்தால் யாரைக் கூப்பிட்டாலும் யாராவது ஒருவர்தான் திரும்புவார். எஸ்விஜிக்குள் உள்ள அடையாளப் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் தனி அடையாளம் கொடுங்கள். மெர்மெய்ட்டின் கட்டளைக் கருவியில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு.

கேள்வி: எதையும் நிறுவாமல், எழுத்தை ஒரு பொதுச் சர்வருக்கு அனுப்பிப் படம் வாங்கிக்கொள்கிறேன். சுலபமாக இருக்கிறதே?
– ஸ்டார்ட்அப் நிறுவனர், சென்னை

பதில்: சுலபம்தான். அனுப்புவது என்ன என்று ஒருமுறை பாருங்கள். அந்த நீளமான முகவரியில் புரியாத எழுத்துகளாக இருப்பது உங்கள் முழு வரைபடமும்தான். சுருக்கியிருக்கிறார்கள், பூட்டவில்லை. முகவரி கிடைத்தவர் எவரும் பிரித்துப் படிக்கலாம். எந்தச் சர்வர் எதோடு பேசுகிறது, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் வெளியே போய்விடும்.

குரோக்கி என்ற திறந்த மூல மென்பொருள் பல வரைபட மொழிகளை ஒரே இடத்தில் படமாக்கித் தரும். அதை உங்கள் சொந்தக் கணினியிலேயே டாக்கரில் ஓட்டலாம். சுலபமும் கிடைக்கும், ரகசியமும் வீட்டோடு இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: பிளான்ட்யுஎம்எல் தருகிற பிஎன்ஜிக்குள் வரைபடத்தின் மூல எழுத்தும் சேர்ந்தே பதிந்திருக்கும். நீங்கள் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளும் அதில் அடக்கம். வெளியே போகும் படம் என்றால் அந்தப் பதிவை நீக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: உருவான படங்களையும் கிட்டில் சேர்த்து வைக்கலாமா?
– திறந்த மூலப் பங்களிப்பாளர், சேலம்

பதில்: வேண்டாம். விதைநெல்லைப் பத்திரப்படுத்துங்கள், சோற்றை அவ்வப்போது வடித்துக்கொள்ளலாம். பங்களிப்பவர்களால் கருவியை நிறுவ முடியாத நிலை என்றால் மட்டும் சேர்த்து வையுங்கள். அப்போதும் எழுத்தும் படமும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு கமிட்டிலும் பில்ட் சரிபார்க்கட்டும்.

கேள்வி: ஒரு படத்தில் பிழை இருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டுப் பில்டைத் தொடரலாமா?
– இணைய இதழ் நடத்துபவர், யாழ்ப்பாணம்

பதில்: கூடாது. பில்ட் நின்றால் உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. நிற்காவிட்டால் வாசகருக்கு உடைந்த படம், எத்தனை நாளைக்கோ. எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்லிவிட்டு நிற்கட்டும்.

கேள்வி: நான் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறவன். 'படம் 3' என்று சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடுகிறது. எங்களுக்கு இந்த முறையால் ஏதாவது பயன் உண்டா?
– பார்வை மாற்றுத்திறனாளி வாசகர், தேனி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். வரைந்த படத்தைவிட எழுதிய படத்தில் உங்களுக்கு வழி அதிகம், ஏனென்றால் படத்தின் பொருள் முழுக்க எழுத்தாக ஏற்கெனவே இருக்கிறது. அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காதது எங்கள் தவறு.

மெர்மெய்ட்டில் வரைபட எழுத்துக்குள்ளேயே தலைப்பையும் விளக்கத்தையும் எழுத இடம் இருக்கிறது. படமாகும்போது அவை எஸ்விஜிக்குள் போய், திரைவாசிப்பானுக்குக் கேட்கும். கிராஃப்விஸ் படத்துக்குப் பக்கத்தில் மாற்று உரை எழுதலாம். எப்படி எழுதுவது என்றால், 'விண்ணப்ப வரைபடம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'விண்ணப்பம் சரிபார்ப்புக்குப் போகிறது. சரியாக இருந்தால் ஒப்புதல், இல்லாவிட்டால் திருப்பியனுப்பப்படும்' என்று எழுதினால் படத்தைப் பார்த்தவருக்குக் கிடைத்தது அத்தனையும் கேட்டவருக்கும் கிடைக்கும்.

தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கம் இல்லாத வரைபடம் வந்தால் பில்ட் நிற்கும்படி செய்யுங்கள். எழுத்துப்பிழைக்கு நிற்கிற பில்ட் இதற்கும் நிற்க வேண்டும்.

கேள்வி: முதல் பதிலில் கோலத்தைச் சொன்னீர்கள். அது வெறும் உவமைதானா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

பதில்: உவமைக்கும் மேல். சென்னை தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கண விதிகளைக் கொண்டு கோலங்களை உருவாக்க முடியும் என்று கணினி அறிவியலின் மொழியில் காட்டிய கட்டுரை அது. பிக் மொழி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. விதியை எழுதினால் வடிவம் பிறக்கும் என்பதை வாசலில் நீங்கள் தினமும் செய்கிறீர்கள். அதை அறிவியலாக எழுதிக் காட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

கேள்வி: பத்து வருடம் கழித்து இந்தக் கருவிகளே இல்லாமல் போய்விட்டால்?
– ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்

பதில்: நூலகர் கேட்க வேண்டிய கேள்வி. 1980களின் பிக் மொழியை இன்றும் க்னூ திட்டத்தின் க்ராஃப் மென்பொருள் படித்துப் படம் போடுகிறது. எழுத்தாக இருந்ததால்தான் அதைப் படிக்க இன்னொருவர் மென்பொருள் எழுத முடிந்தது.

சரி, ஒன்றுமே மிஞ்சவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் பதிலில் உள்ள மூன்று வரியை மறுபடி பாருங்கள். விண்ணப்பம், ஓர் அம்பு, சரிபார்ப்பு. எந்தக் கருவியும் இல்லாமல் உங்களுக்குப் புரிந்தது. பத்து வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் புரியும். ஒரு பென்சில் இருந்தால் போதும், அவரே வரைந்துகொள்வார்.